செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ஆண்டுக்கு ஒரு நாள் நினைவுப் பயண ரயில் இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைப் பயணிகள் சார்பாக,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, மதுரைக் கோட்டம், மதுரை.

பொருள்: செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயிலின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு பகல்நேரச் சிறப்பு ரயில் இயக்கவும், அப்பாதையில் பணிபுரிந்தோரின் நினைவுகளைப் பதிவு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து புனலூருக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 செப்டம்பர் 20-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. 1904-ல் தொடங்கி 106 வருஷம் ஓடிய ரயில் அது. அந்தத் தேதியை ஒட்டி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வருஷத்துக்கு ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில் மெதுவாகப் போய்த் திரும்பும் நினைவுப் பயண ரயில் ஒன்றைத் தங்கள் கோட்டம் இயக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது இதோடு சேர்ந்த இன்னொரு கோரிக்கை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அகலப்பாதை வந்ததில் எங்களுக்கு எந்த மனக்குறையும் கிடையாது. மீட்டர்கேஜின் கடைசி நாட்களில் கொல்லத்துக்குப் போக புனலூரில் இறங்கி வண்டி மாறும் நிலை வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொல்லம்–புனலூர் 2010 மே மாதமே அகலப்பாதை ஆகிவிட்டது. இந்தப் பக்கம் தென்காசி–செங்கோட்டையும் அதற்கு முன்பே மாறிவிட்டது. நடுவில் மலைமேல் சுமார் 50 கிலோமீட்டர் துண்டு மட்டும் பழைய தண்டவாளத்தோடு தனியாக நின்றது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் இரண்டு ஊர்களும் ரயில் வரைபடத்தில் துண்டுபட்டே கிடந்திருக்கும். மலையைக் குடைந்து, பாலங்களைப் பலப்படுத்தி, மழையோடு போராடி 2018-ல் பாதையைத் திறந்து தந்த பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இந்த வட்டாரமே கடன்பட்டிருக்கிறது.

ஆனால் பழைய ரயில் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. இன்றைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் செங்கோட்டைப் பையனுக்கு அப்படி ஒரு ரயில் ஓடியதே தெரியாது. அவன் தாத்தா அந்த ரயிலில்தான் பிழைப்பு நடத்தியிருப்பார்.

பாதை போடப்பட்ட காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். கொல்லத்து வணிகத்தைச் சென்னை மாகாணத்தோடு இணைப்பதற்காகத் திருவிதாங்கூர் அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்த பாதை அது. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது; மலைக்கு அந்தப் புறம் கேரளமானது. கோடு மாறினாலும் ரயில் மாறவில்லை. பகவதிபுரம் தாண்டி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் குகைக்குள் தமிழ்நாட்டில் நுழைந்த வண்டி, வெளியே வரும்போது கேரளத்தில் இருக்கும். இந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் பக்கம் புகுந்து குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. காற்று வரும் அதே வழியில்தான் நாங்கள் போய்வந்தோம்.

போய்வந்தவர்கள் யார் என்று சொன்னால்தான் இந்த மனுவின் நியாயம் தங்களுக்கு விளங்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் காய்கறிக் கூடையோடும் பூக்கூடையோடும் ஏறும் பெண்கள். திரும்பி வரும்போது அன்னாசியும் பலாவும் மரச்சீனிக் கிழங்கும் அவர்கள் கூடையில் இருக்கும். தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள் உண்டு. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழ்நாட்டில் தங்கிவிட்ட உறவுகளைப் பார்க்க அவர்கள் இந்த ரயிலில் வருவார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார்களுக்கே பெட்டி போதாது. மார்கழியில் ஆரியங்காவில் அய்யனுக்கும் புஷ்கலைக்கும் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு போவார்கள். ஒரே பெட்டியில் தமிழும் மலையாளமும் சௌராஷ்டிரமும் கேட்கும். சென்னைக்குப் போக நினைத்த கொல்லத்துக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதுதான் வழி. கொல்லம் மெயில் இந்த மலை ஏறித்தான் சென்னைக்குப் போனது.

அப்புறம் அந்த மலையேற்றம். ஏற்றம் செங்குத்து என்பதால் வண்டிக்கு முன்னால் ஓர் இஞ்சின் போதாது. பின்னாலிருந்து தள்ள இன்னோர் இஞ்சின் சேர்ப்பார்கள். முன் இஞ்சின் ஹாரன் கொடுக்கும், பின் இஞ்சின் பதில் கொடுக்கும். இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமலே, சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே மனதாக வண்டியை ஏற்றுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துவார்கள். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் 13 கண் பாலம் வரும்போது எல்லோரும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். கருங்கல்லில் வளைவு வளைவாகக் கட்டிய அந்தப் பாலத்தின் கீழே ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஆறு. பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவார்கள், நாங்கள் மேலிருந்து கை காட்டுவோம். தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று இறங்கிப் புனலூர் போய்ச் சேரும்போது சட்டையெல்லாம் டீசல் வாசனையும் காட்டு ஈரமுமாக இருக்கும்.

ரயில் நிற்கப்போகிறது என்று தேதி வெளியானதும் நடந்ததைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முந்தின நாள், 2010 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. விடைகொடுக்கும் பயணம் என்று யாரும் அழைப்பிதழ் அடிக்கவில்லை. ஜனங்களாகவே குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். வேறு மாவட்டங்களிலிருந்து கேமராவோடு வந்த இளைஞர்கள் பலர். போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், போய்வர வேண்டும் என்பதற்காகவே டிக்கெட் எடுத்த கூட்டம் அது. என் அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணமாகி முதல் தடவை புனலூருக்கு இந்த ரயிலில்தான் போனேன் என்று எதிர் இருக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரில் இருந்த மலையாளத்து அம்மாவுக்கும் அதே போல ஒரு கதை இருந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேட்கவில்லை.

வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் நின்றார்கள். எடப்பாளையம் போன்ற சின்ன நிறுத்தத்தில்கூட இஞ்சினுக்குப் போட மாலையோடு ஒரு சிறு கூட்டம். தண்டவாளத்தை ஒட்டி வீடு இருந்தவர்கள் வாசலில் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பாதையிலேயே ஆயுள் முழுக்க நடந்து ஆணியும் கட்டையும் பார்த்த கேங்மேன் ஒருவர், வண்டி கடந்த பிறகும் பச்சைக் கொடியை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து எங்கள் பெட்டியில் பேச்சு நின்றுபோனது. ஒரு ரயிலுக்காக மனிதர்கள் அழுவார்களா என்று கேட்டால், அழுதார்கள், நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஏழரை வருஷம் மலைப்பாதையில் ரயிலே இல்லை. மீண்டும் ரயில் வந்தபோது கொண்டாடினோம். இன்று நீண்ட பெட்டிகளோடு விரைவு ரயில்கள் ஓடுகின்றன. மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் இந்த மலையைப் பார்ப்பதற்காகப் போகும் ரயில் என்று ஒன்று கிடையாது. ஆரியங்காவு அருகிலுள்ள அருவியின் பெயரைத் தாங்கிய பாலருவி எக்ஸ்பிரஸ் போகும்போதும் வரும்போதும் இந்தப் பகுதியை இரவு இருட்டில்தான் கடக்கிறது. தொலைதூரப் பயணிகளின் வசதிக்கு அந்த நேரம் தேவை என்பது புரிகிறது. அதை மாற்றச் சொல்லவில்லை. பாலத்தின்மேல் நிறுத்திப் படம் எடுக்க ஒரு விரைவு ரயிலைக் கேட்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் தனியாக ஒரு நாள் கேட்கிறோம்.

நாங்கள் மனதில் வைத்திருப்பது ஆடம்பரமான சுற்றுலா ரயில் கிடையாது. ஏசி இல்லாத, ஜன்னல் திறக்கும் சாதாரணப் பெட்டிகள் போதும். கட்டணமும் சாதாரணப் பயணிகள் ரயில் கட்டணத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கூடை சுமந்து ஏறிய பாட்டி இன்று தன் பேத்தியோடு ஏற முடிய வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பணிவோடு வற்புறுத்துகிறேன். கட்டணம் கூடினால் வெளியூர்க்காரர்களின் உல்லாசப் பயணமாகிவிடும். காலையில் செங்கோட்டையில் புறப்பட்டு, ஆரியங்காவிலும் தென்மலையிலும் இறங்கிப் பார்க்கும் அளவுக்கு நிறுத்தி, மதியம் புனலூர் சேர்ந்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினால் நன்றாக இருக்கும். புனலூரில் 1877-ல் கட்டிய தொங்குபாலத்தைப் பார்த்துவர நேரம் கிடைக்கும். கல்லடையாற்றின் மேல் இருக்கும் அந்தப் பாலத்தைக் கேரளத் தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நம் ரயிலுக்கும் இப்படி ஓர் அக்கறை வேண்டாமா என்றுதான் தோன்றுகிறது.

இது தெற்கு ரயில்வேக்குப் புதிய வேலையும் இல்லை. 1855-ல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர்-21 நீராவி இஞ்சினை உயிரோடு வைத்திருந்து, சென்னையிலும் கொச்சித் துறைமுகப் பாதையிலும் ஓட்டிக் காட்டிய நிர்வாகம் இது. நீலகிரி மலை ரயிலைக் காப்பாற்றி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெறும் வரை கொண்டுபோனதும் இதே நிர்வாகம்தான். அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கை எங்கள் மலைக்கும் தாருங்கள் என்கிறோம். மழை, மண்சரிவு அபாயம் கருதிச் செப்டம்பர் சரிப்படாது என்று பாதுகாப்புப் பிரிவினர் கருதினால், 1904-ல் பாதை திறக்கப்பட்டதன் நினைவாக வேறு ஒரு வறண்ட மாதத்தில் நாள் குறித்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. ரயிலை எந்த வருஷமும் ஓட்டலாம். ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்தப் பாதையில் இரண்டு இஞ்சின்களின் ஹாரனை வைத்து வண்டி ஏற்றிய டிரைவர்கள், காட்டுக்குள் இருந்த ஸ்டேஷன்களில் யானை நடமாட்டத்துக்கு நடுவே இரவுப் பணி பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர்கள், குகைக்குள் விளக்கோடு நடந்த கேங்மேன்கள், வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிட்ட பாயின்ட்ஸ்மேன்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுத் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் பக்கங்களில் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. எந்த வளைவில் மழைக்காலத்தில் சக்கரம் வழுக்கும், எந்தக் குகையின் வாயில் தண்ணீர் கசியும் என்பதெல்லாம் அவர்கள் மனதில்தான் இருக்கிறது. ஓய்வூதியர் பட்டியல் தங்கள் அலுவலகத்தில் இருக்கும். அவர்களை அழைத்து, உட்காரவைத்து, தமிழிலோ மலையாளத்திலோ அவர்கள் சொல்வதைக் குரலும் படமுமாகப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். பக்கத்துக் கல்லூரி மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். பயணிகள் தரப்பில் நாங்களும் உடன் வந்து உதவுகிறோம்.

அந்தப் பதிவுகளையும், மக்கள் வீடுகளில் இருக்கும் பழைய படங்களையும், கோட்டத்திடம் மீதமிருக்கக்கூடிய டோக்கன் கருவி (ஒற்றைப் பாதையில் வண்டிக்கு அனுமதி தரும் கருவி), கைவிளக்கு, மீட்டர்கேஜ் தண்டவாளத் துண்டு போன்றவற்றையும் வைக்க செங்கோட்டை நிலையத்தில் ஓர் அறை ஒதுக்கினால் போதும். 2010 செப்டம்பர் பயணத்தில் எடுத்த படங்கள் எங்கள் பலரிடம் இருக்கின்றன. கேட்டால் மறுநாளே கொண்டுவந்து தருவோம். விளக்கங்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் ரயில் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. நினைவுப் பயணத்துக்கு முதல் வருஷம் அந்த ஓய்வுபெற்ற ஊழியர்களையே முதல் பெட்டியில் கட்டணமின்றி ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, இந்த ஆண்டே முதல் பயணத்துக்கு நாள் குறித்துத் தரும்படியும், இது குறித்து நேரில் பேசப் பயணிகள் பிரதிநிதிகளுக்கு ஒரு நேரம் ஒதுக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனுவுடன் பயணிகளின் கையொப்பங்களும், கடைசிப் பயணத்தின் சில புகைப்படப் பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைப் பயணிகள் சார்பாக.

இடம்: செங்கோட்டை