கப்பிபாராவைப் பன்றியாக்க வேண்டாம்

தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கும் சிறார் நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளி நூலகத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் ஒரு விலங்குப் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆற்றங்கரையில் மண்நிற ரோமத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு விலங்கின் கீழே ‘நீர்ப்பன்றி’ என்று அச்சாகியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி படத்தின் மேல் விரலை வைத்து, “மிஸ், பன்னின்னா மூக்கு வட்டமா தட்டையா இருக்கும்ல? இதுக்கு இல்லையே. பல்லு அணில் பல்லு மாதிரி இருக்கு” என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. அது தென் அமெரிக்காவில் வாழும் கப்பிபாரா. அணில், எலி எல்லாம் அடங்கிய கொறித்துண்ணி வரிசையில் இன்று உயிரோடு இருப்பவற்றில் இதுதான் மிகப் பெரியது. வளர்ந்த விலங்கு 50 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தாலும் பார்க்கலாம், கேட்கலாம், மூச்சு விடலாம். அந்தப் பிள்ளை கவனித்த முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லைக் கடித்துக் கடித்தே அவை தேய்கின்றன.

பிறகு பன்றி எங்கிருந்து வந்தது? 1766இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதைப் பன்றிகளோடு சேர்த்துப் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் இடத்தை மாற்றினார்கள். ஆனாலும் அறிவியல் பெயரில் ‘நீர்ப்பன்றி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அப்படியே தங்கிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் தமிழாக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். உழைத்துத் தேடியிருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு பிழை இப்படி நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விலங்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அதற்குச் சரியான பெயர் வைத்திருந்தார்கள். பிரேசில் கடற்கரையோரம் பேசப்பட்ட துப்பி மொழியில் அதன் பெயருக்குப் ‘புல் தின்பது’ என்று பொருள். அது போர்த்துக்கேய மொழியில் ‘கப்பிவாரா’ ஆயிற்று, ஆங்கிலத்தில் கப்பிபாரா ஆயிற்று. பிரேசிலில் புல்லை இன்றும் ‘கப்பிம்’ என்கிறார்கள், அதுவும் அதே துப்பி வேர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கேய ஆட்சி தன் மொழியைத் திணித்து அந்த மண்ணின் மொழிகளை ஒடுக்கியது. பழைய துப்பி இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை. பேச ஆளில்லாமல் போன மொழி விட்டுச்சென்ற ஒரு சொல்லை, மொழிப்பற்று உள்ள நாம் அழித்து எழுதலாமா?

வேற்றுச் சொல் தமிழில் ஒட்டாது என்பீர்களானால், அன்னாசியை நினைத்துப் பாருங்கள். அதுவும் துப்பி-குவரானிக் குடும்பத்துச் சொல்தான், போர்த்துக்கேயர் வழியாக நம் கரைக்கு வந்தது. ஈழத்தில் முந்திரிக்கு வழங்கும் ‘கஜு’வும் அப்படித்தான். அன்னாசி என்று சொல்லும்போது யாருக்காவது நாக்கு இடறுகிறதா?

முள்ளம்பன்றியும் கொறித்துண்ணிதானே, அதைப் பன்றி என்றுதானே சொல்கிறோம் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் சில நாள் யோசித்தேன். முள்ளம்பன்றி நம் காட்டு விலங்கு. நம் முன்னோர் நேரில் கண்டு, தங்கள் கண்ணுக்குப் பட்டபடி பெயர் வைத்தார்கள். அந்த உரிமை அவர்களுடையது. கப்பிபாராவுக்குப் பெயர் வைக்கும் உரிமை துப்பி மக்களுடையது. அவர்கள் வைத்தும்விட்டார்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். கேபிபரா, காபிபாரா, கபிபரா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ‘காபிபாரா’ என்றால் கண் முதலில் குடிக்கிற காபியைத்தான் படிக்கிறது. கப்பிபாரா என்று எழுதினால் சிக்கலே இல்லை. ‘அப்பா’வில் உள்ளதுபோல் இரட்டித்த பகரம் வல்லோசை தரும், ‘கோபம்’ என்பதில் உள்ளதுபோல் தனிப் பகரம் மெல்ல ஒலிக்கும். ஆங்கில வழி வந்த உச்சரிப்பு கிரந்த எழுத்தின் துணையில்லாமல் தமிழ் எழுத்திலேயே கிடைத்துவிடுகிறது.

அர்ஜென்டினாவில் ‘கார்ப்பின்ச்சோ’, பெருவில் ‘ரொன்சோக்கோ’ என்று ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு. அவற்றைப் பெரிய அகராதிகள் பார்த்துக்கொள்ளட்டும். சிறுவர் புத்தகத்துக்கு ஒரு பெயர் போதும்.

அடுத்த பதிப்பில் பதிவு இப்படி இருந்தால் மகிழ்வேன்:

கப்பிபாரா, பெ. தென் அமெரிக்க நீர்நிலைகளின் கரையில் கூட்டமாக வாழும், புல் மேயும் விலங்கு. கொறித்துண்ணிகளில் மிகப் பெரியது. (துப்பி மொழியில் ‘புல் தின்பது’, போர்த்துக்கேயம், ஆங்கிலம் வழி வந்த சொல்.)

பக்கத்தில் படம் போடுவதானால், முன்பற்கள் தெரிகிற படமாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு நூலக வாசிப்பாளர்