குதிரைத்திறனும் டைனோ தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பனில் தம் கார்களின் திறனைக் கூட்டிக்கொள்ளும் நம் இளைஞர்கள், டைனோ (காரின் திறனை அளக்கும் கருவி) சோதனைத் தாளில் அச்சாகும் ஒற்றை எண்ணை அப்படியே நம்பிப் பெரும் பணம் செலவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உருளைகளின்மேல் காரை ஓடவிட்டு அளக்கும் டைனோ, சக்கரத்தை வந்தடையும் திறனையே காட்டுகிறது. தயாரிப்பாளர் அறிவிப்பதோ எஞ்சினிலேயே அளந்த திறன். இடையே கியர்பெட்டியிலும் டயரிலும் ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுகிறது. அதற்கென்று 15 விழுக்காட்டைக் கூட்டி ‘எஞ்சின் திறன்’ என்று எழுதித் தருவது அளவீடு அன்று, ஊகமே.

இதைவிடப் பெரிய குழப்பம் உயரத்தால் வருகிறது. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் திறனை இழக்கிறது. அதை ஈடுசெய்யவே, அளந்த திறனைத் திருத்தக் காரணி என்னும் ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். ஆனால், குறைந்த அழுத்தத்தைப் பெருமளவு தானே ஈடுகட்டிக்கொள்ளும் டர்போ எஞ்சினுக்கும் அக்காரணியை முழுமையாகப் பயன்படுத்தினால், இல்லாத திறன் தாளில் தோன்றிவிடும். (100 கிலோவாட் என்பது 134 குதிரைத்திறன், மெட்ரிக் கணக்கில் அதுவே 136 என்பதையும் பலர் கவனிப்பதில்லை.)

ஆகவே, திருத்தப்படாத சக்கரத் திறன், அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம், பயன்படுத்திய காரணி ஆகிய அனைத்தையும் பணிமனைகள் தாளில் அச்சிட வேண்டும் என்றும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில் சோதிக்க வேண்டும் என்றும் வாடிக்கையாளர்கள் வற்புறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்