அரிசி அப்பம் நற்கருணை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோதுமை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒருவர், நன்மை, அதாவது பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் நற்கருணை அப்பம், வாங்குவது எப்படி என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார். "பங்குத்தந்தையிடம் சொல்லி அரிசி மாவில் அப்பம் செய்துகொள்ளுங்கள், மனசுதான் முக்கியம்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். 924-ஆம் எண்ணைப் புரட்ட இரண்டு நிமிடம் போதும்.

அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக, கெட்டுப்போகும் ஆபத்தில்லாதபடி அண்மையில் சுட்டதாக இருக்க வேண்டும். அரிசி, சோளம், கிழங்கு மாவுகளில் செய்ததன்மேல் குருவானவர் எவ்வளவு பக்தியோடு வசீகர வார்த்தைகளை (அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக்கும் வார்த்தைகளை) சொன்னாலும் அது மாவுப் பண்டமாகவே இருக்கும். உங்களை நம்பி அந்த நோயாளி வாரந்தோறும் கைநீட்டி வாங்கப்போவது நற்கருணை அல்ல. அது அவருக்குத் தெரியவும் போவதில்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2003-லும் 2017-லும் உரோமையிலிருந்து, மறைமாவட்டங்களை நடத்தும் ஆயர்களுக்கு வந்த கடிதங்கள் தெளிவாகச் சொல்கின்றன: குளூட்டனை (கோதுமையில் உள்ள புரதத்தை) முழுக்க நீக்கிய அப்பம் செல்லாது, குறைத்த அப்பம் செல்லும். வேறு எதையும் சேர்க்காமல் மாவு அப்பமாகத் திரளும் அளவுக்காவது அதில் குளூட்டன் இருக்க வேண்டும். இதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். ஒருமுறை கிடைத்தால் அந்த நிலை நீடிக்கும்வரை போதும். அந்தச் சிறிதளவும் தாங்காதவர் 925-ஆம் எண்ணின்படி திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம். அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. கிறிஸ்து முழுமையாகவே வருகிறார்.

ஆனால் நடைமுறையில் ஒரு தவறு எளிதில் நேரும். அப்பத்தைப் பிட்டபின் குருவானவர் ஒரு துணுக்கைத் திருக்கிண்ணத்தில் இடுகிறார். அந்தக் கிண்ணத்தையே நோயாளியிடம் நீட்டினால் கோதுமையும் கூடவே போகிறது. ஆகவே காணிக்கை ஒப்புக்கொடுக்கும்போதே இரசமும் சொட்டுத் தண்ணீரும் விட்ட இன்னொரு சிறு கிண்ணத்தைத் பீடத்தில் விரித்த திருமேனித் துகிலின்மேல் வைத்துவிட வேண்டும். எழுந்தேற்றத்துக்கு, அதாவது வசீகர வார்த்தைகளைச் சொல்லி முடித்ததற்கு, பிறகு பெரிய கிண்ணத்திலிருந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. உரோமையின் 2004-ஆம் ஆண்டு அறிவுறுத்தல் அதை அறவே தவிர்க்கச் சொல்கிறது. சிறு கிண்ணத்தில் வேறு யாரும் வாய் வைக்கவும் கூடாது, அப்பம் உண்ட உதட்டில் துகள் ஒட்டியிருக்கும். குளூட்டன் குறைந்த அப்பம் என்றால் மூடியுள்ள தனிச் சிமிழில் இருக்க வேண்டும். மற்ற அப்பங்களைத் தொடாத பணியாளர் ஒருவர் அதைக் கொடுப்பது நல்லது. உங்கள் பதிலில் இதில் ஒரு வரியாவது வந்திருக்கலாமே!

இது முதல் தடவையும் அல்ல. மாத்திரை போட்டால் நற்கருணை உபவாசம் முறிந்துவிடும் என்று முன்பு எழுதினீர்கள். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை; உண்ணாதிருக்க வேண்டிய ஒரு மணி நேரம் என்பதும் நன்மை வாங்கும் நேரத்திலிருந்து கணக்கிடுவது, பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை (எண் 919). நீங்கள் எழுதியதை நம்பி எத்தனை சர்க்கரை நோயாளிகள் நற்கருணைப் பந்தியை விட்டு விலகி உட்கார்ந்தார்களோ! பிறகு ஒரு கட்டுரையில் "பூசைக் கட்டணம்" என்றே தலைப்பிட்டீர்கள். அது காணிக்கை. வியாபாரத்தின் சாயல்கூட படக் கூடாது என்கிறது 947. காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் பூசை வைக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொள்கிறது 945. ஒரு தலைப்பில் அத்தனையையும் அடித்துவிட்டீர்கள். அப்போது பேசாமல் இருந்தது என் தவறு.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அரிசி அப்பம் செல்லாது என்றும் ஆயரின் அனுமதியைப் பங்குத்தந்தை வழியாகக் கேட்கலாம் என்றும் இரண்டு வரி போடுங்கள். கேள்வி கேட்டவரின் முகவரி உங்களிடம் இருந்தால் அவருக்கு ஒரு கடிதமும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்