பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2023–24ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பழைய மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம். 2023 ஜூன் முதல் 2024 மே வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும், நான்கு முறை கூடியது. மற்ற இரண்டு முறையும் கூட்டம் நடத்தப் போதுமான ஆள் வராமல் திரும்பிப் போனோம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகஸ்ட் 25 அன்று நம் பள்ளிக்கும் வந்தது, முதல் நாள் பரிமாற உறுப்பினர்கள் சிலர் உதவினார்கள். குடிநீர்த் தொட்டி இரண்டு முறை கழுவப்பட்டது. கழிப்பறைக் கதவு ஒன்று மாற்றப்பட்டது. ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஏப்ரல் 23 அன்று நடந்த பணி நிறைவுப் பாராட்டு விழா. தலைமையாசிரியர் அம்மாவும் சத்துணவுச் சமையலர் அக்காவும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றார்கள். இந்த விழாவைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேச்சு இருப்பதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைமையாசிரியர் அம்மாவை நாம் 2021இலேயே வழியனுப்பியிருக்க வேண்டியது. ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்ததால் நமக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைத்தார். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோய் வந்த நேரம் அது. அந்த இரண்டு ஆண்டு அவர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடந்த செப்டம்பரில் 60 முடிந்தது. கல்வியாண்டின் நடுவில் என்பதால் ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் இருந்தார்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். 1991இல் அதில் தொண்டராகச் சேர்ந்து, 27 வயதில் சைக்கிள் பழகியவர் நம் அம்மா. 2004இல் மாறுதலாகி இங்கே வந்தபோதும் சைக்கிளில்தான் வந்தார். 2007இல் செயல்வழிக் கற்றல் வந்து, பெஞ்சை எல்லாம் எடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொன்னபோது, பல பள்ளிகளில் முணுமுணுப்பு இருந்தது. இவர் முதல் நாளே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். சுவரின் அடியில் பிள்ளைக்கு ஒரு கட்டமாகக் கரும்பலகை வரைந்தார்களே, அதில் கடைசிவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் அவரே பெயர் எழுதினார். வெள்ளை அடிக்கும்போதெல்லாம் பெயர் அழியும், மறுநாள் திரும்ப எழுதுவார்.

சமையலர் அக்கா 1995 ஜூனில் வேலைக்கு வந்தார், இந்த மார்ச் மாதத்தோடு பணி முடிந்தது. ஏறக்குறைய 29 ஆண்டுகள். விறகடுப்பில் தொடங்கி கேஸ் அடுப்பில் முடித்தார். பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை போட்ட காலத்தில் வந்தவர், வாரம் ஐந்து முட்டை அவித்து உரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, கூரை போன வீட்டுக்காரர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். அக்கா வீட்டுக் கூரையும் போயிருந்தது. ஆனாலும் முதல் நாள் மதியமே உலை வைத்தார். நம் சங்கத்தில் இன்று இருக்கிற பலர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

இனி விழா ஏற்பாட்டுக்கு வருகிறேன். பிப்ரவரிக் கூட்டத்தில், தலைமையாசிரியர் அம்மாவுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு, பொன்னாடை, மேடையில் பாராட்டு. சமையலர் அக்காவுக்கு ஒரு சேலை, ஒரு துண்டு, அதையும் கீழே வைத்துக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அம்மாவுக்கு விளக்கு என்று தீர்மானமும் ஆனது. அக்காவுக்கும் அதே விளக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். நிதி இல்லை என்றார்கள். சரி, நிதி இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே சேலை கொடுப்போம் என்றேன். அதற்கும் சம்மதம் இல்லை. "டீச்சரும் சமைக்கிறவங்களும் ஒண்ணா" என்று ஒருவர் கேட்டார். நான் கோபப்பட்டுப் பேசியது உண்மை. பேசிய தொனிக்கு வருத்தம் தெரிவிக்கிறேன், பேசிய விஷயத்துக்கு இல்லை.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று பலர் கேட்டீர்கள். அக்கா வேலைக்கு வந்த ஆண்டு நான் நான்காம் வகுப்பு. அவர் கையால் சாப்பிடக் கூடாது என்று சொல்லி டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்த வீடுகளில் என் வீடும் ஒன்று. இரண்டு மாதம் போல நாங்கள் எட்டுப் பேர் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. முட்டை போடும் நாளில் மட்டும் எங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்தே எண்ணி அவித்து, யாரும் கேட்காமல் மதியம் முடியும்வரை தட்டில் மூடி வைத்திருப்பார். அப்போதைய தலைமையாசிரியர் ஐயா ஒருநாள் பிள்ளைகள் வரிசையில் தட்டோடு உட்கார்ந்தார். அடுத்த வாரம் என் டப்பா நின்றுவிட்டது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இந்த ஆண்டு சொல்லாவிட்டால் எப்போது சொல்வது.

எனவே தீர்மானத்தில் இல்லாத இரண்டாவது விளக்கை நானே வாங்கினேன். அது தேர்தல் நேரம், ரொக்கமும் பொருளும் எடுத்துப் போகிறவர்களை வழிமறித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். கீழராஜ வீதியில் வாங்கிய இரண்டு விளக்கையும் துணிப்பையில் போட்டு, பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கடையில் இரண்டையும் தனித்தனியாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதலில் எடுத்த ஜோடியில் ஒன்று நாலு கிராம் குறைந்தது. வேறு எடுக்கச் சொல்லி, எடை ஒன்றாக வரும்வரை நின்று வாங்கினேன். இரண்டாவது விளக்கின் விலை பதினோராயிரத்துச் சொச்சம், அது என் கைக்காசு. சங்கப் பணத்தில் எடுத்ததாக வந்த பேச்சு தவறு. பில் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பொதுக்குழு மனது வைத்து ஒப்புதல் கொடுத்தால் அதைச் சங்கச் செலவாக எழுதலாம். எனக்குப் பணம் திரும்ப வர வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. அந்த விளக்கு சங்கம் கொடுத்ததாகப் புத்தகத்தில் இருக்க வேண்டும், அதற்காகவே கேட்கிறேன்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முறையான ஓய்வூதியம் உண்டு. அக்காவுக்குக் கிடைக்கப்போகும் சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். யாருக்கு நாம் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேதி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, நம் பள்ளியே வாக்குச்சாவடி. நடத்தை விதி இருந்ததால் கட்சிக்காரர்கள் யாரையும் அழைக்கவில்லை, சிலருக்கு அதில் மனவருத்தம். பிள்ளைகள் இல்லாமல் விழா நடத்த மனமில்லாமல், தேர்வு முடிகிற 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை என்று முடிவு செய்தோம். அன்று சித்ரா பௌர்ணமி என்பது தெரியும். வேறு நாள் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ் போட்டதும் 61 பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். 90 நாற்காலி சொல்லியிருந்தேன். வந்த உறுப்பினர்கள் 19 பேர். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போனோம் என்று சிலர் சொன்னார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கு எதிர்வரிசையில் வீடு வைத்திருப்பவர்கள், மைக் சத்தம் கேட்கிற தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கிற மூன்று பேர் பந்தல் செலவு முழுவதையும் அனுப்பிவிட்டு, வீடியோவில் இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்போது இரவு. நாற்காலி காலியாகக் கிடந்ததும் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தேன். 41 பிள்ளைகளும் வந்திருந்தார்கள், ஒருவர் குறையவில்லை.

இரண்டு பேரையும் ஒரே மாதிரி நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். அக்கா மேடை ஏற மறுத்தார். அம்மாதான் கீழே இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அக்காவுக்கு மைக்கில் பேச வரவில்லை. வாழ்த்த வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவராக ஒவ்வொன்றைச் சொன்னார். லாரி வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் காலில் விழுந்தபோது, "நீ மஞ்சக்கருவை ஒதுக்கி வைக்கிற ஆளுதானே" என்றார். இன்னொருவரிடம், "உனக்குக் கருவேப்பிலை ஆகாது" என்றார். பெயர் பலருக்கு மறந்துவிட்டது. தட்டில் யார் எதை மீதம் வைத்தார்கள் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் ஏற்புரை ஐந்து நிமிடம்கூட இல்லை. பேச்சுக்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டைச் சங்கத்திடம் கொடுத்தார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வரவு செலவு: கணக்கைப் பொருளாளர் அண்ணன் முறையாக எழுதி வைத்திருக்கிறார், தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போயிற்று. சுற்றுச்சுவர் நிதியில் கை வைக்கவில்லை.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் 143 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 300 ரூபாய், மாதம் 25 ரூபாய்தான் ஆகிறது. இந்த ஆண்டு கட்டியவர்கள் 52 பேர். கஜா ஆண்டில் சந்தா வேண்டாம் என்று நாமே தீர்மானம் போட்டோம், கொரோனாவிலும் கேட்கவில்லை. அப்போது நின்ற பழக்கம் பலருக்கு அப்படியே நின்றுவிட்டது. ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக நானும் துணைச் செயலாளர் தம்பியும் பதினோரு நாள் மாலை நடந்தோம். "சங்கம் என்ன செய்தது" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. செய்தது இதுதான் என்று சொல்லத்தான் இந்த அறிக்கை. கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், வெளியில் தெரியாது. கட்ட முடிந்தும் கட்டாதவர்கள் பெயரைப் படிக்க வேண்டும் என்று செயற்குழுவில் யோசனை வந்தது. இந்த ஆண்டு படிக்கவில்லை.

பந்தல் போட்டவருக்கும், பாதி வாடகையே வாங்கிய ஒலிபெருக்கிக்காரருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், அன்று இரவு உணவு பரிமாறிய மகளிர் குழுவினருக்கும், எப்போது கூப்பிட்டாலும் வரும் தலைவர் ஐயாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு. பள்ளி ஜூன் 10 அன்று திறந்துவிட்டது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார், ஐந்து வகுப்பையும் அவரே பார்க்கிறார். ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆள் வரும்வரை மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க வைக்கப் படித்த பிள்ளைகள் யாராவது முன்வந்தால், போக்குவரத்துச் செலவைச் சங்கம் கொடுக்கும். சந்தா வந்தால் கொடுக்கும். ஒன்றாம் வகுப்பில் இதுவரை ஐந்து பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், காலையில் வேன் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நாம் படித்த பள்ளி என்று மேடையில் பேசுகிறோம், சேர்க்கை நேரத்திலும் அந்த நினைப்பு வர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

இனி அந்த நோட்டு. 2004இலிருந்து இங்கே ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஆறாம் வகுப்பில் சேராதவர்கள், அல்லது சேர்ந்து பாதியில் நின்றவர்கள், எல்லோர் பெயரையும் அம்மா எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 23 பெயர். எந்த வீட்டுக்கு எத்தனை முறை போனார், யார் என்ன சொன்னார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்று தேதியோடு இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் பெயருக்கு நேராகப் பச்சை மை. 14 பெயர் பச்சையாக இருக்கிறது. ஏழு பேர் வயது கடந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேர் இன்னும் பள்ளி வயதில் இருக்கிற பிள்ளைகள், கொரோனா நேரத்தில் நின்றவர்கள். அந்த இரண்டு பெயருக்கும் நேரே எதுவும் எழுதாமல் இடம் விட்டிருக்கிறார்.

இரண்டு குடும்பமும் வேலைக்காகத் திருப்பூர் பக்கம் போனதாகத் தகவல். ஒரு வீட்டாரின் பழைய செல்பேசி எண் நோட்டில் இருக்கிறது, இப்போது அது வேலை செய்யவில்லை. நம் உறுப்பினர்கள் பதினைந்து பேருக்குமேல் திருப்பூரில் இருக்கிறார்கள், அதில் நான்கு பேர் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் சாப்பிடப் போகுமுன் என்னைப் பார்க்கவும். நோட்டு என் பையில்தான் இருக்கிறது, பச்சை மைப் பேனாவும் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
16.06.2024