பூத்தையல் சங்கத்தின் ஆண்டறிக்கை, பினாங்கு, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் ஆற்றிய பணிகளின் அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

வழக்கமாக இந்த அறிக்கை மாத வரிசையில் செல்லும். இம்முறை கோயில் தேரின் துணி அணியான தொம்பை வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு அதற்கே சென்றது. அதைப் பற்றி உறுப்பினர்களுக்குள் இன்னும் பேச்சு நடப்பதால், நடந்ததை முழுமையாகப் பதிவு செய்வது என் கடமை.

பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசம் முடிந்த பிறகு, தீவில் உள்ள ஒரு கோயிலின் பொறுப்பாளர்கள் பழைய தொம்பைகள் இரண்டை நம்மிடம் கொண்டுவந்தார்கள். தேரின் ஓரங்களில் உருளை வடிவில் தொங்கவிடும் துணி அணிகள் இவை. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்துத் தையற்காரர்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை. சிவப்புப் பருத்தித் துணியின் மேல் மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்புத் துணிகளை யாளியாகவும் கிளியாகவும் தாமரையாகவும் வெட்டி வைத்து, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார்கள். வெயிலும் மழையும் கற்பூரப் புகையும் பட்டதால் துணி பல இடங்களில் நைந்திருந்தது. இவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஓர் இணை செய்து தர முடியுமா என்று கேட்டார்கள்.

செயலவையில் இது நீண்ட விவாதமானது. புதிதாகச் செய்தால் சீக்கிரம் முடியும், தேரில் எடுப்பாகவும் இருக்கும் என்ற கருத்தில் நியாயம் இருந்தது. பழையதைக் கைவிடக்கூடாது என்று நான் வாதாடினேன். இன்றும் அதே எண்ணம்தான். அந்த யாளியின் தாடையில் கத்தரிக்கோல் திரும்பியிருக்கும் விதத்தைப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. நகலைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டே போனால் உருவம் மிஞ்சும், கை போய்விடும். முடிவில் இரண்டு வேலைகளையும் ஏற்றோம்: பழைய இணையைப் பழுதுபார்ப்பது, அதிலிருந்தே அச்செடுத்துப் புதிய இணை ஒன்றைத் தைப்பது. கோயில் பொறுப்பாளர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள்.

முதலில் சாயத்தைச் சோதித்தோம். உட்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு வெள்ளைத் துணியை அழுத்தியபோது சிவப்பு இறங்கியது. ஆகவே துவைக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து, தூசு உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து, புகைத்தூளைச் சிறிது சிறிதாக எடுத்தோம். உள்தாங்கலுக்கு வாங்கிய பருத்தித் துணியை முன்பே அலசிச் சுருங்கவிட்டோம். அப்படிச் செய்யாமல் தைத்தால் பின்னால் அது சுருங்கும்போது பழைய துணியையும் சேர்த்து இழுத்துவிடும். நைந்த இடங்களில் மெல்லிய நூல்களை நெருக்கமாகக் கிடத்தி, குறுக்கே சிறு தையல்களால் பிடித்தோம். ஓட்டை விழுந்த இடங்களுக்கு வைத்த துண்டுகளின் நிறம் பழைய சிவப்பைவிட ஒரு சாயல் மங்கல். எட்ட நின்றால் தெரியாது, கிட்டப் போனால் தெரியும். வேண்டுமென்றே அப்படிச் செய்தோம். பிற்காலத்தில் இதைப் பிரித்துப் பழுதுபார்ப்பவருக்கு முன்னோர் வேலை எது, நம் வேலை எது என்று தெரிய வேண்டும்.

இந்த வேலையில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து மாலையில் வந்தவர்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த உறுப்பினர்கள் கடைசி ஃபெரியைக் கணக்கிட்டுக்கொண்டே ஊசி பிடித்தார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

புதிய இணை 2026 பிப்ரவரி 1ஆம் தேதித் தைப்பூசத்திற்குத் தேரேறியது. அறிக்கைக் காலத்திற்கு வெளியே நடந்ததுதான் என்றாலும் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். பழைய இணை மடிக்கப்படாமல், உருளையில் சுற்றிப் பருத்தி உறைக்குள் கோயிலில் இருக்கிறது. விசேஷ நாள்களில் பார்வைக்கு வைப்பதானால் விளக்கொளி 50 லக்ஸைத் தாண்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அருங்காட்சியகங்கள் துணிகளுக்குக் கடைப்பிடிக்கும் அளவு அது.

இதை ஒட்டி ஜூன் மாதம் துணி பாதுகாப்பு பற்றி ஓர் உரையாடல் நடத்தினோம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். ஆளுக்கொரு பட்டுப்புடவையைக் கையில் கொண்டுவந்தார்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் வெள்ளி கலந்த ஜரிகை கறுக்கும், பட்டில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதாகும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விட்டாலே போதும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

இனி வகுப்புகள். ஆரி வகுப்புக்கு இவ்வாண்டும் இடம் போதவில்லை. கல்யாண ரவிக்கைகளுக்குக் கிடைக்கும் வருமானம் நம் பெண்கள் பலருக்குக் கைகொடுக்கிறது. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆரி ஊசியின் கொக்கி மேலிருந்து இறங்கி, சட்டத்தின் அடியில் இடக்கை பிடித்திருக்கும் நூலை மாட்டி மேலே இழுத்துச் சங்கிலித் தையலாகக் கோக்கும். வேகம் வந்துவிட்டால் கண் தொடர முடியாது. ஆனால் ஆரி மட்டும் கற்றுக்கொண்டு நிறுத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காம்புத் தையல், சாட்டின் தையல், முடிச்சுத் தையல் ஆகியவற்றை வெறும் கை ஊசியால் ஒரு பருவமாவது பழகுங்கள். தொம்பையைப் பழுதுபார்க்க உதவியது அந்தக் கைதான்.

தோடர் பூத்தையல் வகுப்புக்கு வந்தவர்கள் குறைவு, நிலைத்தவர்கள் அதிகம். நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைப் பருத்தியின் இழைகளை எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தைத்துச் செல்வார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. பழகுவதற்காக மட்டுமே இதைக் கற்கிறோம், விற்பனைக்காக இல்லை என்று வகுப்பின் முதல் நாளே சொல்லிவிட்டோம். அந்தப் பெயரில் விற்கும் உரிமை அவர்களுடையது.

மலாய்க்காரச் சகோதரி ஒருவர் வந்து தெக்காட் செய்து காட்டினார். பேராக்கின் கோலகங்சாருக்குப் பெயர் வாங்கித் தந்த தங்கநூல் வேலை. வெல்வெட் துணியின் மேல் அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்து, அதன் மேல் தங்கநூலை இப்படியும் அப்படியும் படுக்க வைத்து, அடியிலிருந்து வரும் வேறொரு நூலால் ஓரங்களில் பிடிக்கிறார்கள். தங்கநூல் துணிக்குள் நுழைவதே இல்லை. நம் ஜரிகைப் பூவேலையான ஜர்தோசியிலும் கனத்த ஜரிகையை இப்படியே மேலே கிடத்திப் பிடிக்கிறோம். மொழி கடந்து இரு தரப்பும் ஒருவர் ஊசியை மற்றவர் வாங்கிப் பார்த்துக்கொண்ட அந்த மாலையை மீண்டும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது பலரின் விருப்பம்.

கெபாயா என்னும் பெண்களின் மேலாடை 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதை ஒட்டி, சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்குச் சென்று வந்தோம். பெரானாக்கான் என்னும் உள்ளூர்ச் சீன வழியினரின் பெண்கள் அணியும் ஞோஞா கெபாயாவின் ஓரப் பூவேலை பெரும்பாலும் தையல் இயந்திரத்தில் செய்யப்பட்டது என்று அறிந்தபோது சிலருக்கு ஏமாற்றம். எனக்கு மதிப்புக் கூடியது. இயந்திரத்தின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வட்டச் சட்டத்தை இரு கைகளாலும் நகர்த்தி நகர்த்தித்தான் அந்தப் பூவும் துளைவேலையும் பிறக்கின்றன. அதுவும் கைவேலைதான்.

பிள்ளைகளுக்கான பள்ளி விடுமுறை வகுப்பில் சிக்குக் கோலத்தைப் பாடமாக வைத்தோம். புள்ளிகளைத் துணியில் குத்தி, நூலோட்டமாக ஒரு சுற்றுப் போய், விட்ட இடைவெளிகளை நிரப்பியபடி திரும்பி வந்தால் கோடு தொடங்கிய இடத்திலேயே முடியும். ஆண் பிள்ளைகளும் வந்தார்கள், நன்றாகவே தைத்தார்கள். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமை நகரானதைக் கொண்டாடும் ஜூலை 7 விடுமுறை நாளில் அவர்களின் வேலைகளை மண்டபத்தில் பார்வைக்கு வைத்தோம். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்த கிளிகளும் அவற்றில் அடக்கம்.

ஆண்டிறுதிக் கண்காட்சி நடைபெறவில்லை. கேட்ட தேதியில் மண்டபம் கிடைக்கவில்லை, அடுத்த தேதி தீபாவளி வேலைகளோடு மோதியது. நிதி நிலையைப் பொருளாளர் தம் அறிக்கையில் விளக்குவார். நூலுக்கும் துணிக்கும்தான் செலவு கூடியிருக்கிறது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இவ்வாண்டு இழந்தோம். சங்கத்தின் தொடக்க நாள் முதல் தையல்நூல் அலமாரியின் சாவி அவரிடம்தான் இருந்தது. அவருடைய குடும்பத்தார் அவர் தைத்த மாதிரித் துணிகள் அனைத்தையும் சங்கத்திற்கே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அஞ்சலி செலுத்தி அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாதிரித் துணிகளையும் தொம்பை அச்சுகளையும் ஒரே தொகுப்பாக்க வேண்டும் என்பது செயலவை இன்று முன்மொழியும் தீர்மானம். 1872இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் தையல்களை ஒவ்வொன்றாகப் பதிந்து யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவருகிறது. அந்த அளவுக்கு நமக்கு வசதி இல்லை. ஒரு தையலுக்கு ஒரு துண்டுத் துணி, அருகில் அதன் பெயர், அதைப் போடும் முறை, கற்றுத் தந்தவர் யார் என்ற குறிப்பு, இவை இருந்தாலே போதும். வீட்டில் பாட்டியோ அம்மாவோ தைத்த தலையணை உறை, மேசை விரிப்பு எதுவானாலும் படம் எடுத்துக்கொள்ளக் கொடுத்து உதவுங்கள். துணியைத் திருப்பித் தந்துவிடுவோம்.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், முகவரி மாறியவர்கள் இன்றே என்னிடம் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். அறிக்கையை ஏற்க ஒருவர் முன்மொழியவும் ஒருவர் வழிமொழியவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்