சாட்சி சொன்னவளுக்கு ஏன் ஒருவரும் போன் செய்யவில்லை? கைதிகள் தப்பியது குறித்து நான்காவது மனு

பெறுநர்
சிறைத்துறை உயர் அதிகாரி அவர்கள்

பொருள்: நம் ஊர்ச் சிறையிலிருந்து மூன்று கைதிகள் தப்பியதும், அதை ஐந்தே கால் மணி நேரம் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததும், இன்றுவரை அதற்கு யாரும் பொறுப்பேற்காததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நான் அனுப்பும் நான்காவது மனு இது. முதல் மனுவை, கைதிகள் தப்பிய மூன்றாம் நாளே உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன், முத்திரை போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதை இணையத்தில் பதிந்தேன், ஒரு மணி நேரத்துக்குள் "உங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது, அதோடு சரி. அந்த உரிய பிரிவு எது என்று கேட்டு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் வேறு வேறு மேசையைக் காட்டினார்கள்.

சிறையின் சுற்றுப்புறத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வடக்குச் சுவர், அதை ஒட்டிய சந்து, சந்து முனையில் எரியாத விளக்கு, எதிரே எங்கள் வீட்டு வரிசை. போன வருடம் ஆய்வுக்கு வந்தபோது அந்தச் சந்து வழியாகத்தான் நடந்து போனீர்கள், மாடியிலிருந்து நாங்கள் பார்த்தோம். அந்த விளக்கு அன்றைக்கும் எரியவில்லை.

பணிவோடு சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. அன்று நள்ளிரவுப் பதிவேட்டில் "எண்ணிக்கை சரி" என்று எழுதியிருந்ததாக நிருபர்களிடம் நீங்களே சொன்னீர்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும், போர்வைக்குள் இருந்த துணி மூட்டைகளையும் சேர்த்து எண்ணினால். இது புதுத் தந்திரம் இல்லை ஐயா. 1962-ல் அமெரிக்காவின் அல்காட்ராஸ் சிறையில் மூன்று பேர் சோப்பும் காகிதமும் குழைத்துத் தலை செய்து, அதில் நிஜ முடியை ஒட்டி, படுக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். 53 வருடம் கழித்து, 2015 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறையில் இரண்டு பேர் படுக்கையில் துணிப் பொம்மையை விட்டுவிட்டுக் குழாய் வழியாக வெளியேறினார்கள், அவர்களைத் தேடி முடிக்க மூன்று வாரம் ஆனது. அங்கே இரவு எண்ணிக்கையை ஒழுங்காக எடுக்கவில்லை, அறைச் சோதனையும் பெயரளவுக்குத்தான் நடந்தது என்று அடுத்த வருடமே விசாரணை அறிக்கை வந்தது. எண்ணும்போது மூச்சு விடுகிற உடம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சிறைக் காவலில் பால பாடம். நம் சிறையில் அன்றிரவு எண்ணியவர் உள்ளே எட்டிப் பார்த்தாரா, அல்லது மேசையில் உட்கார்ந்தபடியே முந்தைய நாள் எண்ணிக்கையைப் பார்த்து எழுதினாரா? இதற்குப் பதில் வேண்டும்.

2. வடக்குச் சுவர்க் கேமரா வேலை செய்யவில்லை. காவல் கோபுரத்தில் ஆள் இல்லை. இரண்டையும் உங்கள் துறையே ஒப்புக்கொண்டது. எத்தனை நாளாக என்பதை மட்டும் சொல்லவில்லை.

3. இப்போது என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மனுவிலும் இதை எழுதியிருக்கிறேன், ஆனால் யாரும் படித்ததாகத் தெரியவில்லை, அதனால் இந்த முறை முழுதாக எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பிய மூவரில் இரண்டு பேர் நான்காம் நாள் பிடிபட்டார்கள். இன்னும் பிடிபடாதவன் யாருடைய சாட்சியத்தால் உள்ளே போனானோ, அந்தச் சாட்சி என் தங்கை. அவன் ஒரு மனிதரை அடித்ததை நேரில் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தும், நீதிமன்றம் வரை வந்தவள் இவள் ஒருத்திதான். போகாதே என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். "நான் பார்த்தேன் அக்கா, பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது" என்றாள். கூண்டில் நின்றவன் அவள் பேசி முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் விசாரணை அதிகாரி அவள் போன் எண்ணை மறுபடி வாங்கிக்கொண்டு, "எதுவானாலும் முதலில் உனக்குத்தான் சொல்வோம் அம்மா, தைரியமாக இரு" என்றார்.

கைதிகள் இல்லை என்று சிறைக்குத் தெரிந்தது காலை ஆறு மணி எண்ணிக்கையில். அபாயச் சங்கு ஊதவில்லை. சங்கு பழுது என்றார்கள், அப்புறம் மக்கள் பீதி அடைவார்கள் என்பதால் ஊதவில்லை என்றார்கள், இரண்டில் எது உண்மை என்று நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஏழு மணிக்கு என் தங்கை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள். எந்த வழியாக? அந்தச் சந்து வழியாக. வடக்குச் சுவரில் துணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்த அதே இடத்தைத் தாண்டி, தனியாக, காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனாள். சுவருக்குக் கீழே நின்றிருந்த இரண்டு காவலர்கள் அவளைப் பார்த்து ஓரமாகப் போ என்று மட்டும் சொன்னார்கள்.

பதினொன்றே காலுக்குக் கூட வேலை பார்க்கும் பெண் தன் போனை நீட்டி, "இது உங்கள் வீட்டுப் பக்கத்துச் சிறைதானே" என்று கேட்டிருக்கிறாள். அதில் அவன் முகம் இருந்தது. அப்படித்தான் ஐயா என் தங்கைக்குத் தெரிந்தது. ஆறு மணியிலிருந்து பதினொன்றே கால் வரை, ஐந்தே கால் மணி நேரம், அவள் போனில் முழு சிக்னல் இருந்தது, எண் உங்கள் வழக்குக் கோப்பில் இருந்தது, ஒருவரும் கூப்பிடவில்லை. அன்று மாலை வரை கூப்பிடவில்லை. இந்த மனுவை எழுதும் நேரம் வரை கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து அவள் ஜன்னலுக்கு எதிரே படுப்பதில்லை. என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் படுக்கிறாள். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போவதில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வேலையை விட்டுவிட்டாள். போன வாரம் தலைமுடியைக் கழுத்து வரை வெட்டிக்கொண்டு வந்தாள், ஏன் என்று கேட்டேன், "அன்று நீளமாக இருந்தது, அவனுக்கு அப்படித்தான் நினைவிருக்கும்" என்றாள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

4. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறையில் 2025 மே 16 அன்று பத்துப் பேர் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியாகத் தப்பினார்கள். இரவு ஒரு மணியளவில் போனவர்களைக் காணோம் என்பது காலை எட்டரை மணி எண்ணிக்கையில்தான் தெரிந்தது. அங்கேயும் கேமராக்களில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யவில்லை. தப்பியவர்களில் ஒருவனுக்கு எதிராக வழக்கு நடத்தியவர்கள் பயந்து ஊரை விட்டே போனதாக அந்நகர அரசு வழக்கறிஞர் வெளிப்படையாகச் சொன்னார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கே அந்தப் பயம் என்றால், பூட்டுக்கூட ஒழுங்காக விழாத கதவுக்குப் பின்னால் இருக்கும் என் தங்கை எங்கே போவாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் மேரி பைரன் என்ற பெண் 1993 டிசம்பரில், தன் 21-வது பிறந்தநாளன்று, முன்னாள் காதலனால் சுட்டுக் கொல்லப்பட்டாள். அவள் கொடுத்த புகாரில் சிறைக்குப் போனவன் அவன். அவன் ஜாமீனில் வெளியே வந்தது அவளுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் 1994-ல் அந்த ஊரில், கைதி வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகப் போன் போகிற ஏற்பாடு வந்தது. பிறகு அது அந்நாடு முழுக்கப் பரவியது. 1994, ஐயா. அன்றைக்குக் கையில் போன் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு பெண் செத்த பிறகுதான் அங்கே அது வந்தது. இங்கேயும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்களா? கடுமையாகக் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

5. பீதி வரும் என்று சொல்லாமல் இருந்தோம் என்கிறார்கள். 2025 ஜூலையில் கண்ணூர் மத்திய சிறையிலிருந்து தப்பியவன் அன்றே, சில மணி நேரத்திலேயே, ஒரு கிணற்றுக்குள்ளிருந்து பிடிபட்டான். செய்தி வெளியே வந்ததால்தான் ஊர்க்காரர்கள் அவனை அடையாளம் கண்டு தகவல் சொன்னார்கள். இங்கே எங்கள் வரிசையில் 40 வீடு இருக்கிறது, 80 கண்ணுக்கு மேல் இருக்கிறது. ஆறு மணிக்கே சொல்லியிருந்தால் நாங்களும் பார்த்திருப்போம். சொல்லாததால் யாருக்கு லாபம் கிடைத்தது? அவனுக்கு ஐந்தே கால் மணி நேரம் கிடைத்தது.

6. ஒரே ஒரு வார்டரை சஸ்பெண்ட் செய்திருக்கிறீர்கள். பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன், அவன் அம்மா எங்கள் தெருவுக்கு வந்து எங்களிடமே அழுதார். அன்றிரவு அவன் ஒருவனே மூன்று பிளாக்குக்கும் காவல் என்றார். அவன் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவனுக்குப் போட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் யார்? கேமரா பழுது என்ற கடிதம் யார் மேசையில் கிடந்தது? சங்கை ஊத வேண்டாம் என்று சொன்னவர் யார்? பிரிட்டனில் ஜார்ஜ் பிளேக் என்ற உளவாளி 1966 அக்டோபரில் சிறையிலிருந்து தப்பினார், டிசம்பரிலேயே மவுண்ட்பேட்டன் விசாரணை அறிக்கை வந்துவிட்டது, கைதிகளை ஆபத்தின் அளவைப் பார்த்து நான்கு வகையாகப் பிரிக்கும் முறைக்கு அதுதான் ஆரம்பம். 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து மூன்று பேர் கள்ளச் சாவி செய்து தப்பினார்கள், ஐந்து நாளில் பிடிபட்டும் விட்டார்கள், இருந்தாலும் அக்டோபரில் சிறைத்துறைத் தலைவரின் பதவியே போனது. அவர் பதவி போனது நியாயமா என்று அங்கே பெரிய சண்டை நடந்தது, நடக்கட்டும், கேள்வி மேலே வரை போனது என்பதைத்தான் சொல்கிறேன். இங்கே கேள்வி அந்தப் பையனோடு நின்றுவிட்டது. விசாரணை நடக்கிறது என்கிறீர்கள். யார் விசாரிக்கிறார்? அதே சிறையின் மேலதிகாரி. தன் கையெழுத்தைத் தானே எப்படி விசாரிப்பார் ஐயா?

7. போன் செய்யுங்கள். இதைத்தான் நான்கு மனுவிலும் கேட்கிறேன்.

8. அவனைப் பிடிக்கும்வரை எங்கள் சந்தில் இரவு ரோந்து வேண்டும். முதல் வாரம் வந்தார்கள், இரண்டாம் வாரம் பத்து மணிக்கு ஒரு முறை வண்டி வந்து திரும்பியது, இப்போது வருவதே இல்லை. அந்த விளக்கை எரிய வையுங்கள். சிறைத்துறைக்குக் கீழே விளக்கு வராது, அது வேறு துறை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள், அந்தத் துறையில் போய்க் கேட்டால் சிறைச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் அனுமதி வேண்டும் என்கிறார்கள். ஒரு பல்புக்கு இத்தனை நடையா?

9. வேறு எந்தச் சாட்சிக்கும் இந்த நிலைமை வரக்கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொருவனுக்கு எதிராகவும் யாரோ ஒருவர் பேசியிருக்கிறார், அவர்கள் எல்லோரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கைதி தப்பினால் எத்தனை நிமிடத்துக்குள் யார் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் ஒரு உத்தரவு போடுங்கள், அதை வாசலில் ஒட்டுங்கள். எங்கள் தெருவில் இப்போது பேசுவது என்ன தெரியுமா? "பார்த்தாலும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, அந்தப் பெண் கதியைப் பார்த்தாய் அல்லவா." பெரியவர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்கிறார்கள். என் தங்கை காதிலும் விழுகிறது.

ஐயா, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. எழுதும்போது சில இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது, தெரிந்தேதான் விட்டேன். பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, வேறு வீடு கேட்கவில்லை. அன்று காலை ஆறு மணி முதல் பதினொன்றே கால் வரை யார் யாருக்கு எப்போது தகவல் சொன்னார்கள் என்ற விவரத்தை எழுத்தில் கொடுங்கள். வெளியாள் ஒருவரை வைத்து விசாரியுங்கள், அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

அவன் பிடிபட்டால், எந்த நேரமாக இருந்தாலும், நடுராத்திரி இரண்டு மணி ஆனாலும், செய்திக்காரர்களுக்கு முன்னால் என் தங்கைக்குச் சொல்லுங்கள். எண் மாறவில்லை. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவள் அந்த எண்ணை மட்டும் மாற்ற விடமாட்டேன் என்கிறாள், நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று.

இப்படிக்கு,
வடக்குச் சுவருக்கு எதிர் வரிசையில் வசிக்கும்,
சாட்சி சொன்ன பெண்ணின் அக்கா