சந்தாப் பட்டியலில் இல்லாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே தினத்தன்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1886 சிகாகோ தொழிலாளர் போராட்டம், எட்டு மணி நேர வேலைக் கோரிக்கை, தலைவர்கள் ஏறிய தூக்கு மேடை எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் துணி வெளுத்தவர்களும் திராட்சை பறித்தவர்களும் அதில் எங்குமே தலைகாட்டவில்லை.

சிகாகோவுக்கு 5 ஆண்டு முன்பே, 1881 ஜூலையில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சலவைத் தொழில் செய்த கறுப்பினப் பெண்கள் சுமார் 20 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். மூன்றே வாரத்தில் 3,000 பேர்! கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கைது, அபராதம் என்று எதற்கும் அவர்கள் மசியாததால், ஆளுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் விதிப்போம் என்று நகர சபை மிரட்டிப் பார்த்தது. அந்தப் பெண்கள் மேயருக்கே கடிதம் எழுதினார்கள்: 25 என்ன, 50 டாலர்கூடக் கட்டுகிறோம், ஆனால் சலவை வேலை எங்கள் பிடியில்தான் இருக்கும் என்று. எங்கள் சங்கத்தில் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டப் போராட்டம் என்றால் பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் பெயர்தான் வருகிறது. 1965 செப்டம்பர் 8 அன்று முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். சாவேஸின் சங்கம் சேர்ந்தது எட்டு நாள் கழித்து. சாவேஸைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு நாளும் யாருடையவை?

சட்டமும் இவர்களைக் கைவிட்டது. அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமைக்குப் பாதுகாப்புத் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம், பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் பெயர் சொல்லியே விலக்கிவைத்தது.

இதெல்லாம் ஏன் விட்டுப்போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தேன். சங்கக் கூட்டங்களின் நடவடிக்கையைப் பதியும் மினிட் புத்தகத்தைப் பல வருடம் எழுதியவன் நான்தான். ஒருமுறை 41 நாள் ஸ்டிரைக். கழிவுப் பஞ்சு கூட்டும் ஒப்பந்தப் பெண்களும் உள்ளே போகாமல் எங்களோடு கேட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் சந்தா வாங்க எங்கள் விதியில் இடமில்லை. அதனால் அவர்கள் உறுப்பினர் இல்லை. பேச்சுவார்த்தையிலும் அவர்களுக்காக யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. எங்களுக்கு உயர்வு கிடைத்தது. அவர்களில் பாதிப் பேரை ஒப்பந்தக்காரர் திரும்ப எடுக்கவே இல்லை. பிற்பாடு ஆய்வு செய்கிறவர்கள் தேடி வருவது இந்த மாதிரி மினிட் புத்தகங்களைத்தானே!

உங்கள் கட்டுரையைப் படித்த அன்று இரவு அந்த மினிட் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். மைக் வாடகை, நோட்டீஸ் அச்சுக்கூலி எல்லாம் பைசா சுத்தமாக என் கையெழுத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்களைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘மற்றும் சிலரும் கலந்துகொண்டனர்.’

அடுத்த மே தினச் சிறப்பிதழில், இப்படிப்பட்ட ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக இருந்த பெண்களை நேரில் பார்த்துப் பேட்டி எடுத்துப் போடுங்கள். எங்களைப் போன்ற பழைய நிர்வாகிகளிடம் அப்புறம் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி